நாற்காலியில் இருக்கும் அல்லி

அது என்னைப் பார்க்கிறது என்று சொன்னால் அம்மா அழுவாள். அதனால் சொல்லவில்லை. கண்ணே இன்னும் வைக்கவில்லை அதற்கு, எங்கே பார்க்கும். கண் இருக்கவேண்டிய இடத்தில் முட்டை ஓட்டைப் பதித்த மாதிரி இரண்டு வெள்ளை, அவ்வளவுதான். கோயிலுக்குப் போன பிறகுதான் கறுப்பு வைத்துத் திறக்கவேண்டுமாம், அத்தை சொன்னாள். ஆனால் சுவர்ப் பக்கம் புரண்டால் அந்த வெள்ளை முதுகில் படுகிறது, இந்தப் பக்கம் திரும்பினால் முகத்தில் படுகிறது, மல்லாந்து படுத்து ஃபேனைப் பார்த்தால் ஓரக்கண்ணில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சுட்ட மண் பொம்மை. உள்ளே ஒன்றும் இல்லை. தட்டினால் குடத்துச் சத்தம் வரும். நான் தட்டிப் பார்த்தேன், அத்தை சமையலறையிலிருந்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயய்யோ, தலையில தட்டாத, உனக்குத்தான் வலிக்கும்" என்றாள். எனக்கு வலிக்கவில்லை. அப்பாவின் மர நாற்காலியில் அதை வைத்திருக்கிறார்கள், நான் உட்கார்ந்தால் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம், கால் இரண்டும் சேர்த்து, கை இரண்டும் முட்டியில், ஸ்கூல் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி. நீலச் சுடிதார், வெள்ளைத் துப்பட்டா, மடித்துக் கட்டின இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். நான் பிளஸ் டூவைப் பாதியில் விட்டுவிட்டேன். அது இன்னும் ஸ்கூலுக்குப் போகிறது. கன்னம் உப்பியிருக்கிறது, கழுத்து வழவழவென்று இருக்கிறது, ஒரு கட்டி கிடையாது. சிரிக்கிறது வேறு. என் போனில் இருந்த ஒரு போட்டோவை அத்தை பொம்மை செய்கிறவருக்கு அனுப்பியிருக்கிறாள், நானே எடுத்த செல்ஃபி, அதில் எல்லாம் இடவலம் மாறித்தான் விழும், அது அத்தைக்கும் தெரியாது அவருக்கும் தெரியாது. என் மச்சம் இடது கன்னத்தில். அதற்கு வலது கன்னத்தில். நான் சொன்னேன். "சாமிக்குத் தெரியாதா எது நீன்னு" என்றாள் அத்தை. தெரியுமா என்ன. இந்த வீட்டில் இருக்கிறவர்களுக்கே தெரியவில்லை.

பொம்மை வந்ததிலிருந்து என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எங்கள் பக்கம் பிள்ளைக்கு உடம்பு முடியவில்லை என்றால் அந்தப் பிள்ளை மாதிரியே பொம்மை செய்துவைக்கிறோம் என்று வேண்டிக்கொள்வார்கள், ஏரிக்கரை அம்மன் கோயிலில் வரிசையாக நிற்கும், தவழ்கிற பொம்மை, வேட்டி கட்டின பொம்மை, மழையில் மூக்குப் போன பொம்மை. அதெல்லாம் சரி. எல்லோரும் உடம்பு தேறின பிறகு வைப்பார்கள், அத்தைதான் முன்னாடியே வைக்கலாம் என்றாள், இந்தப் பேர் விஷயமும் அத்தைதான் எங்கிருந்தோ கொண்டுவந்தாள். அப்பாவுக்கு அக்கா, ஜெயக்கொடி என்று பேர், அவள் சொன்னால் அப்பாவே எழுந்து நின்றுதான் கேட்பார். வீட்டுக்குள் பொம்மை நுழைந்ததும் சாம்பிராணி காட்டி அதன் காதில் மூன்று தடவை "அல்லி" என்றாள். "இனிமே பேரு இவளோடது. கோயில்ல கொண்டுபோய் விடுற வரைக்கும் அந்தப் பேர்ல வேற யாரையும் கூப்புடக் கூடாது. அப்பதான் அது இவளோட ஏறிப் போகும்." அது என்றால் கேன்சர். எங்கள் வீட்டில் கேன்சருக்குப் பேர் 'அது'. பொம்மைக்குப் பேர் அல்லி. எனக்குத்தான் பேர் இல்லை. பாப்பா சாப்பிட்டாளா, இவளுக்கு வெந்நீர் வை, ஏய் இந்தா. முதல் நாள் சிரிப்பாக இருந்தது, அம்மா இரண்டு தடவை வாய் தவறி "அல்லி" என்று கூப்பிட, நான் "என்னம்மா" என்று சொல்ல, அத்தை இரண்டு பேரையும் முறைக்க. மறுநாள் அம்மா அறைக்குள் வந்து "அல்லி, வெளக்கு போடட்டா" என்று கேட்டாள், நான் வாயைத் திறப்பதற்குள் விளக்கைப் போட்டுவிட்டு நாற்காலியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். அன்றைக்குத்தான் எனக்கு முதுகில் ஒரு மாதிரி ஆனது. அத்தையைத் திட்டவும் முடியாது, எனக்காக உப்பு விட்டிருக்கிறாள், பொம்மை கோயிலுக்குப் போகிற வரை உப்பில்லாத சோறு, ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக்கொண்டு முழுங்குகிறாள். எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்தால் எனக்கு என் சோறு இறங்காது. இவளுக்கு நான் என்ன திருப்பிச் செய்வேன், பிழைத்துக் காட்டித் தொலைக்கவேண்டும், வேறென்ன.

குளிருகிறது. பண்ருட்டியில் மே மாசம் வெள்ளிக்கிழமை மத்தியானம், தகரக் கூரைக்காரர்கள் எல்லாம் வேப்பமரத்தடியில் கிடப்பார்கள், எனக்குப் பல் தட்டுகிறது. காலையில் எழுந்தபோதே முதுகுத்தண்டில் யாரோ ஈரத்துணியை வைத்து எடுத்த மாதிரி இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை நெற்றியில் திருநீறு பூசிவிட்டு ஸ்வெட்டர் எடுத்துக் கொடுத்தாள். "இன்னிக்கி ஒரு நாள் அந்தப் பேச்சே வேணாம் கண்ணு. சாயங்காலம் அவ கெளம்பினதும் எல்லாம் எறங்கிடும் பாரு." திருநீறு வைக்கிற விரலுக்குச் சூடு தெரியாதா. தெரியவேண்டாம் என்று நினைத்தால் எந்த விரலுக்கும் தெரியாது போல. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் அமலோற்பவம் சிஸ்டர் என்று ஒருத்தர், ஊசி போடுகிற ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்வார். ஊசி போட்ட பிற்பாடு வருகிற வாரத்தில் ரத்தத்தில் எதிர்த்து நிற்க ஆள் இருக்காது, அப்போது ஜுரம் வந்தால் அது சாதாரண ஜுரம் இல்லை. "குளிர் வந்தா, ஜுரம் வந்தா, கஷாயம் வெக்கிறேன், சாமி கும்புட்டுட்டு வரேன்னு உக்காந்துறாதீங்க. அப்படியே கெளம்பி வரணும். ராத்திரி ஆனாலும் வரணும். புரியுதா அல்லி?" புரியுது சிஸ்டர். அவர் அம்மாவைப் பார்த்துச் சொல்வதே இல்லை, என்னைப் பார்த்துத்தான் சொல்வார். வராண்டாவில் அத்தனை கூட்டத்தில் "அல்லி! யாரும்மா இங்க அல்லி!" என்று கத்துவார். பக்கத்தில் இருக்கிறவர்கள் பாவம் இந்த வயசில் என்று திரும்பிப் பார்ப்பார்கள். அப்போது அசிங்கமாக இருந்தது. இப்போது யாராவது அப்படி ஒரு தடவை கத்தினால் போதும் என்று இருக்கிறது. ஊசிக்குப் பிந்திய அந்த வாரம் இதுதான். ஜுரமா இல்லையா என்று பார்க்கலாம் என்றால் தெர்மாமீட்டரை அம்மா ஒளித்துவைத்திருக்கிறாள். "அத வாயில வெச்சு வெச்சுப் பாத்துத்தான் உனக்கு ஏறுது" என்றாள். அது அரிசி டிரம்முக்குள் இருக்கிறது, எனக்குத் தெரியும், ஆனால் சமையலறையில் இரண்டு பேரும் கோயிலுக்கு எலுமிச்சை சாதம் கிளறிக்கொண்டிருக்கிறார்கள், நான் உள்ளே போனால் தீட்டு, தூசு, தாளிப்புப் புகை என்று மூன்று காரணம் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். போன் அப்பாவிடம் இருக்கிறது. கேன்சர் பற்றிக் கண்டதைப் படிக்கிறேனாம். அப்பா காலையிலேயே விறகும் பானையும் எடுத்துக்கொண்டு பைக்கில் கோயிலுக்குப் போய்விட்டார். போன மாசம் இப்படித்தான் குளிருது என்று சொன்னேன், அலறி அடித்துக் கார் பிடித்துப் பாண்டிச்சேரி வரை போனோம், அங்கே பார்த்தால் ஒரு ஜுரமும் இல்லை. திரும்பி வரும்போது அப்பா, "மனசுதாம்மா எல்லாம். மனச தைரியமா வெச்சுக்க" என்றார். அன்றிலிருந்து எனக்கு வருவது எல்லாம் மனசு. வயிறு பிரட்டினால் மனசு. வாய்ப்புண் மனசு. இப்போது பல் தட்டுகிறதே, இதுவும் மனசாக இருக்குமோ. எனக்கே தெரியவில்லை. அதுதான் பயம். சாவதைவிட இது பயமாக இருக்கிறது, என் உடம்பில் நடக்கிறது நிஜமா என்று இன்னொருத்தர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டியிருக்கிறது, அந்த முகமெல்லாம் சிரிக்கிறது. நாற்காலி உட்பட.

ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல. இந்த வார்த்தையை மட்டும் யாராவது தடை செய்தால் நன்றாக இருக்கும். பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார்கள். ஒண்ணுமில்ல, சரியாயிடும். அப்பா கூட வேலை பார்க்கிறவர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து "உனக்கு வந்திருக்கறது நல்ல கேன்சராம்மா, நெட்ல போட்டிருக்கான்" என்றார். நல்ல கேன்சர். அப்படியென்றால் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாமே. எதிர் வீட்டு அக்கா முள்சீத்தா இலையைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து, அவர்கள் நாத்தனாருக்கு இதைத்தான் கொதிக்கவைத்துக் கொடுத்தோம் என்றார். "இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன். "அவங்களுக்கு வேற மாதிரிம்மா" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். அப்பா என் போட்டோவை வாட்ஸ்அப்பில் வைத்து 'என் மகள் போராடுகிறாள், வெல்வாள்' என்று எழுதியிருக்கிறார், பின்னால் ஒரு சிங்கம். நான் எங்கே போராடுகிறேன். படுத்திருக்கிறேன், பாட்டிலில் இருந்து மருந்து இறங்குகிறது, வாயில் இரும்பு ருசி, பக்கத்துப் படுக்கையில் ஒருத்தர் வாந்தி எடுக்கிறார், அதைப் பார்க்காமல் இருக்கப் போராடுகிறேன், அவ்வளவுதான். வென்றால் சிங்கம். தோற்றால் நான் சரியாகப் போராடவில்லை என்று ஆகுமா. ரெஜினாவாவது சரியாக இருப்பாள் என்று நினைத்தேன், ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்சு, அவளிடம் போனில் ஒரு நாள் "பயமா இருக்குடி, செத்துடுவேனோன்னு" என்றேன். அவள் ஓவென்று அழுதாள். "அப்படில்லாம் சொல்லாதடி ப்ளீஸ், என்னால தாங்க முடியல." நான்தான் சமாதானம் சொன்னேன், ஒண்ணுமில்லடி, சும்மா சொன்னேன்டி, நல்ல கேன்சராம்டி. அப்புறம் போன் என்னிடம் இருந்த வரை அவள் தினமும் காலையில் பூ படம் போட்ட வாசகம் அனுப்பினாள், கூப்பிடவில்லை. அம்மாவிடம் ஒரே ஒரு தடவை அதே வார்த்தையைச் சொன்னேன். அம்மா நின்ற இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் நாற்றம், நான்தான் எழுந்துபோய் மூடினேன், தண்ணீர் கொடுத்தேன், முதுகைத் தடவிவிட்டேன். என் பயத்தை இறக்கி வைக்கலாம் என்று போனால் அவர்கள் பயத்தையும் சேர்த்து என் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டதும் எல்லோரும் சந்தோஷம். பொண்ணு என்னமா தைரியமா இருக்கு பாரு என்கிறார்கள். பொம்மையும் அப்படித்தான் இருக்கிறது, தைரியமாக. ஒரு புகார் இல்லை. ஊட்ட வேண்டாம். வாந்தி எடுக்காது. தொட்டால் சுடாது. இவர்களுக்கு வேண்டிய அல்லி இதுதான், எனக்கு முன்னாடியே புரிந்திருக்கவேண்டும். என் மச்சம் இடது கன்னத்தில்தானே. தொட்டுப் பார்க்கிறேன். விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. எனக்கு முடி கொட்ட ஆரம்பித்ததும் கண்ணாடியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார்கள், நான் பார்த்தால் மனசு உடையுமாம், எத்தனை நாளாக நான் என்னைப் பார்க்கவில்லை, எது இடது. சோறு தின்கிற கை வலது, அப்போது இது இடது, இந்தக் கன்னம், இங்கே ஒன்றும் இல்லை. அந்தப் பக்கமும் தடவினேன். இரண்டு பக்கமும் வழவழவென்று இருக்கிறது. வேர்வையா. வேர்வை இல்லை, காய்ந்து கிடக்கிறது, சூடாக, மத்தியான வெயிலில் கிடந்த ஓடு மாதிரி. சுட்ட மண் இப்படித்தான் இருக்குமா. ச்சீ, மச்சம் தட்டையான மச்சம், கைக்குத் தெரியாது, எப்போதும் தெரியாது, என்ன யோசனை இது. ஆனால் கையை எடுக்க முடியவில்லை. நாற்காலியில் இருப்பது மூச்சு விடுகிற மாதிரி துப்பட்டா அசைகிறது. துப்பட்டா மண். வர்ணம் அடித்த மண். மண் அசையாது. ஃபேன் காற்றில் அசைவது என் போர்வை, அதன் நிழல். இருக்கட்டும். நிழல்தான்.

அம்மா வந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன், பழக்கம், தூங்குகிற மாதிரி இருந்தால் யாரும் தைரியம் சொல்ல மாட்டார்கள். அம்மா மல்லிகைச் சரம் கொண்டுவந்திருக்கிறாள், வாசனைக்கு வயிறு பிரட்டியது. என் பக்கம் ஒரு நிமிஷம் நின்றாள், போர்வையை இழுத்துவிட்டாள், கை போர்வையைத் தொட்டது, என்னைத் தொடவில்லை. நாற்காலிப் பக்கம் போனாள். சரத்தைச் சடையில் சுற்றினாள் போல, மண்ணில் வளையல் படுகிற சத்தம், டிங், டிங். இமையைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தேன். அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள், பொம்மையின் முட்டியில் கன்னத்தை வைத்துக்கொண்டு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா மடியில் எப்படிச் சாய்வேனோ அப்படி அவள் அதன் மடியில். மெதுவாகப் பேசினாள். இத்தனை மாசத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை, சிரிப்புப் பூசாத குரல். "அல்லி. அம்மாவுக்கு ஒண்ணும் தெரியலடி. டாக்டர் சொல்றது பாதி புரியல. நீ தூங்கறப்ப மூச்சு வருதான்னு பாக்கறேன், தெனமும் பாக்கறேன்." மூக்கை உறிஞ்சினாள். "உனக்கு ரொம்ப வலிக்குதா? சொல்ல மாட்டேன்றியே. பயமா இருக்காடி? பயமா இருக்கா அல்லி?"

எத்தனை நாள். எத்தனை நாள் இந்த ஒரு கேள்விக்காகக் காத்துக்கொண்டு கிடந்தேன். அதை நாற்காலியிடம் கேட்கிறாள். நாற்காலி சிரித்துக்கொண்டே இருக்கிறது. எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும், வரவில்லை, பொறாமைதான் வந்தது, ஒரு மண் பொம்மை மேல். படுத்தபடியே வாயைத் திறந்தேன், நாக்கு ஒட்டிக்கொண்டு பிரிந்தது. "பயமா இருக்கும்மா" என்றேன். அம்மாவின் முதுகு அப்படியே நின்றது. திரும்பவில்லை. திரும்புவாள் என்று நினைத்தேன், திரும்பவில்லை, இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து பொம்மையின் வாயைப் பார்த்தாள். "எங்கடி வலிக்குது?" என்று கேட்டாள். அதன் வாயைப் பார்த்து. எனக்குப் போர்வைக்குள் மயிர் குத்திட்டது. "வலிக்கல" என்றேன், "குளுருது. ஜுரம் அடிக்குது." அம்மா கையைத் தூக்கினாள். மெதுவாக, தூக்கத்தில் இருக்கிற பிள்ளையைத் தொடுகிற மாதிரி, பொம்மையின் நெற்றியில் வைத்தாள். கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள், எனக்கு எப்படிப் பார்ப்பாளோ அப்படியே. பெருமூச்சு விட்டாள். "இல்லையே கண்ணு. சில்லுனுதான இருக்க."

ஒரு நொடி நானும் நம்பினேன். சத்தியமாக. சில்லென்று இருக்கிறேன், ஜுரம் இல்லை, மனசு. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், நெற்றியில் அம்மா கை, கட்டிலில் கிடப்பது யாரோ, குளிரில் நடுங்குகிற யாரோ ஒரு மொட்டைத் தலை, அதைச் சாயங்காலம் கொண்டுபோய் ஏரிக்கரையில் விட்டுவிட்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும். எவ்வளவு சுகமாக இருந்தது அந்த நொடி. பிறகு கால் கட்டைவிரல் சிமெண்டுத் தரையில் பட்டது, எப்போது காலைக் கீழே வைத்தேன் தெரியவில்லை, தரை சுரீரென்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள், பேயைப் பார்க்கமாட்டேன் என்கிற பிள்ளை மாதிரி. கையை இழுத்தாள். நான் விடவில்லை, எனக்கு எங்கிருந்து பலம் வந்ததோ, எலுமிச்சை வாசனை அடிக்கிற அந்தக் கையை என் கழுத்தில் வைத்து அமுக்கினேன், கட்டி இருந்த இடத்தில். "இப்ப சொல்லு" என்றேன். "எது அல்லி?" அம்மா கண்ணைத் திறந்தாள்.

வெளியே ஹாரன். குட்டியானை வண்டி வந்துவிட்டது, பொம்மையை ஏற்றிப்போக. அத்தையும் டிரைவரும் உள்ளே வந்தார்கள், அத்தை ஈரத்தலையும் மஞ்சள் புடவையுமாக, கையில் கற்பூரத் தட்டு. "என்ன கலா நிக்கற, நேரமாவுது" என்றாள். அம்மா கையை எடுக்காமலேயே, "அண்ணி, அல்லிக்கு ஜுரம்" என்றாள். அத்தை தட்டைக் கீழே வைத்தாள். நேராக நாற்காலிக்குப் போய்ப் பொம்மையின் நெற்றியைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள். "எங்க? நல்லா சில்லுனு இருக்கா, அம்மன் கொண்டாந்து வெச்ச மாதிரி. வாயக் கழுவு மொதல்ல." அம்மா அத்தையைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், காலையில் குளிருது என்றபோதும் இப்படித்தான் அத்தையைப் பார்த்தாள். அம்மா இன்னும் ஏதோ சொல்ல வந்தாள், அதற்குள் அவர்கள் தூக்கிவிட்டார்கள், டிரைவர் அடியில் கையைக் கொடுத்து, அத்தை தோளைப் பிடித்து. "பாத்துப்பா, அல்லி தல, அல்லி தல, வாசக்கால்ல இடிக்கும், குனிஞ்சுக்கோடி தங்கம்." தங்கம் குனியவில்லை. டிரைவர்தான் குனிந்தார். வாசல் வெளிச்சத்தில் போகும்போது முகம் என் பக்கம் திரும்பியிருந்தது, இரண்டு வெள்ளையும் வெயிலில் பளிச்சென்றன, பிறகு நாற்காலி காலியாக இருந்தது. வெளியிலிருந்து அத்தையின் குரல். "கலா, வா. சொன்னது ஞாபகம் இருக்குல்ல? திரும்பிப் பாக்காம வா. நீ திரும்பிப் பாத்தா அது இங்கியே தங்கிடும்."

அம்மா கையை எடுத்தாள். கழுத்தில் அந்த இடம் மட்டும் ஐஸ் வைத்தமாதிரி ஆனது. என்னைப் பார்க்காமல் போனாள். வாசலுக்குப் போகவில்லை, சமையலறைக்குப் போனாள், தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போய்விடுவாள், சந்து வழியாகப் போனால் திரும்பிப் பார்க்கவேண்டிய அவசியமே வராது, புத்திசாலித்தனம். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கட்டில் தூரத்தில் இருந்தது, இது பக்கத்தில். கையை முட்டியில் வைத்துக்கொண்டேன். பூ இதழ் ஒன்று ஒட்டிக்கொண்டது. நான் கூடப் போகக் கூடாதாம், இவர்கள் போய்விட்டு வருவதற்கு ராத்திரி ஆகும், அதுவரை நான் இப்படியே இருப்பேன், அசையாமல், வந்து பார்த்து விளக்கைப் போடுவார்கள், பாப்பா எவ்வளவு சமத்தா உக்காந்திருக்கு பாரு என்பார்கள், நெற்றியைத் தொட்டால் சில்லென்று இருக்கும். அப்போது அத்தைக்கு நிம்மதியாக இருக்கும். ஏதோ சத்தம் கேட்டது. தகரம் தரையில் விழுந்து உருண்டு, உருண்டு, நின்றது. அரிசி டிரம் மூடி. அம்மா வந்தாள், முழங்கை வரை அரிசி ஒட்டியிருக்கிறது, நடந்த வழியெல்லாம் சிந்துகிறது, கையில் தெர்மாமீட்டர். என் நாக்குக்கு அடியில் வைத்தாள். அது பீப் என்றது. அம்மா எடுத்துப் பார்த்தாள், எனக்குக் காட்டினாள். ஒளிக்கவில்லை. "அல்லி" என்றாள். என்னைப் பார்த்து. "அல்லி, எழுந்திரு. ஆஸ்பத்திரி ஃபைல் எங்க இருக்கு?"

வாசலில் அத்தை நின்றிருந்தாள். அம்மா அவளைத் தாண்டிப் போனாள். "முன்னாடி ஏறுடி" என்றாள் என்னிடம், டிரைவரிடம், "பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஓட்டுங்க." டிரைவர் என்னைப் பார்த்தார், பின்னால் பார்த்தார். "பாப்பா பேரு இன்னா?" "அல்லி." "அப்ப பின்னாடி ஏத்தினது?" அம்மா கதவை இழுத்துச் சாத்தினாள். அத்தை கிட்டே வந்து ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் கன்னத்தைத் தொட்டாள், திருநீறு இல்லாத விரலால், சூடான பாத்திரத்தைத் தொட்டமாதிரி கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். பொம்மையை இறக்க நேரமில்லை. அவளே பின்னால் ஏறி அதைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துகொண்டாள். அழுகிற சத்தம் கேட்டது, அதற்காகவா எனக்காகவா என்று தெரியாது. வண்டி கிளம்பியது. கோயிலுக்கு இடது, ஆஸ்பத்திரிக்கு வலது, டிரைவர் வலது பக்கம் ஒடித்தார். என் தலை அம்மா தோளில் ஆடியது. "பயமா இருக்கா?" என்றாள் அம்மா. "ஆமாம்மா." ஒண்ணுமில்ல என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். "எனக்கும்டி" என்றாள். எனக்குக் குளிர் விடவில்லை, ஜுரம் இறங்கவில்லை, சரியாகிவிடுமா என்று எனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. வேகத்தடை வந்தது. பின்னால் மண் தலை கம்பியில் மோதியது, டொக். அத்தை கத்தினாள். "கலா, தல இடிக்குது, என்னால தனியா புடிக்க முடியல, திரும்பி ஒரு கை குடு." அடுத்த வேகத்தடை. டொக். "கலா, அல்லி தல! திரும்பிப் பாரு கலா!" அம்மாவின் கை என் நெற்றியில் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.